மெட்டு ஏறும் கண்ட்ரோலர்: பட்டறை மின்வண்டிக்குப் போர்டு வடிவமைப்பது குறித்து ஓர் ஆய்வு

தேனிப் பகுதியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் கேரளத்துக்கு ஏற முக்கியமான மலைச்சாலைகள் மூன்று: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்புகளும், காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றிய வண்டிகளும் அன்றாடம் இவற்றில்தான் ஏறி இறங்குகின்றன. அதனால் மின்வண்டி என்று பேச்செடுத்தாலே இங்கே முதலில் வரும் கேள்வி, ‘மெட்டு ஏறுமா?’ என்பதுதான்.

பழைய ஸ்கூட்டரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஹப் மோட்டார் பூட்டுவது இன்று பட்டறைக்கு எட்டாத வேலையல்ல. மோட்டார் கிடைக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் கிடைக்கின்றன. வெல்டிங் வைக்கவும் ஃபோர்க் திருத்தவும் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களுக்கு மோட்டாரின் உள்ளும் புறமும் தெரியும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் மட்டும்தான் மூடிய பெட்டியாக, உள்ளே எபாக்சி ஊற்றப்பட்டு வருகிறது. ‘ஃபெட் போயிருச்சு’ (உள்ளிருக்கும் மின்சுவிட்ச் எரிந்துவிட்டது) என்று தெரிந்தாலும் பிரிக்க வழியில்லை. வேறொன்று வாங்க வேண்டியதுதான்.

அந்தக் கண்ட்ரோலரின் போர்டை இந்தச் சாலைகளுக்கென்றே நாமே வடிவமைக்க முடியுமா? அதற்கு என்ன தெரிய வேண்டும், உலகில் இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், தமிழ்நாட்டில் என்ன வசதி இருக்கிறது, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோலரின் ஆயுளில் பெரும்பங்கு, அதில் எந்த விலையுயர்ந்த சில்லு இருக்கிறது என்பதைவிடச் செம்பு எந்த வடிவில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த வடிவத்தை நிர்ணயிப்பது நாம் கற்றுக்கொள்ளக்கூடிய, அளந்து பார்க்கக்கூடிய வேலை.

ஏற்றத்தின் கணக்கு

எந்தப் போர்டும் சுமைக் கணக்கில்தான் தொடங்க வேண்டும். போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,350 மீட்டருக்கு மேல். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் தொடங்கும் ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் மூட்டையும் சேர்த்து 250 கிலோ எடையுள்ள ஒரு ஸ்கூட்டர், 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் பகுதியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சரிவை வெல்ல 196 நியூட்டன், டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் 60 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தில் தேவைப்படும் திறன் 2.1 கிலோவாட். அதே வேகத்துக்குச் சமதரையில் 500 வாட் போதும்.

திறன் நான்கு மடங்கு என்பதைவிட முக்கியமானது, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. மலைப்பகுதியை 20 கிலோமீட்டர் என்று எடுத்தால் 40 நிமிடம் இடைவிடாத ஏற்றம். கடையில் வாங்கும் கண்ட்ரோலரின் மேல் ஒட்டியிருக்கும் ஆம்பியர் எண் பெரும்பாலும் சில நொடிகளுக்கான உச்ச அளவு. நகரத்தில் சிக்னலிலிருந்து கிளம்ப அது போதும். மெட்டு ஏறுகிறவர் பார்க்க வேண்டியது, முக்கால் மணி நேரம் தொடர்ந்து கொடுத்தாலும் தாங்கும் அளவு எவ்வளவு என்பதை.

பேட்டரியில் 20, மோட்டாரில் 100

கண்ட்ரோலரின் இதயம் ஆறு சுவிட்சுகள். மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மாஸ்ஃபெட் (சுருக்கமாக ஃபெட்), கீழே ஒன்று. இவை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கு வேண்டிய மூன்று அலைகளாக வெட்டித் தருகின்றன. எளிய கண்ட்ரோலர்கள் மோட்டாருக்குள் இருக்கும் மூன்று ஹால் சென்சார்களைப் பார்த்து ஆறு படிகளில் மின்சாரத்தை மாற்றிவிடும். 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே முதலியோர் உருவாக்கிய காந்தப்புலம் சார்ந்த கட்டுப்பாடு, மின்னோட்டத்தைக் கணந்தோறும் அளந்து வழுவழுப்பான சைன் அலையாகத் தருகிறது. ஏற்றத்தில் மோட்டார் உறுமாமல், உதறாமல் இழுக்க இரண்டாவது முறையே நல்லது. 

பலரும் தவறவிடும் உண்மை ஒன்று இங்கே இருக்கிறது. மோட்டாரின் இழுவிசை அதன் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது; பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் திறனைப் பொறுத்தது. மேலே சொன்ன ஸ்கூட்டர் கொண்டை ஊசி வளைவில் 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையும்போது பேட்டரி மீட்டர் 20 முதல் 25 ஆம்பியர்தான் காட்டும். மோட்டார் கம்பியிலோ 100 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். மாஸ்ஃபெட்டைச் சூடாக்குவது இந்த 100 தான். பேட்டரிப் பக்கம் மட்டும் மின்னோட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் மலிவான போர்டு, எல்லாம் சரியாக இருப்பதாக நம்பியபடியே வெந்துபோகும்.

இதைவிடக் கொடுமையானது வண்டி வளைவில் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும் கணம். சக்கரம் சுற்றும்போது வெப்பம் ஆறு சுவிட்சுகளுக்கும் பங்காகும். சக்கரம் நிற்கும்போது மின்னோட்டம் ஒரே பாதையில் நிலைத்து நின்று ஒன்றிரண்டு ஃபெட்டுகளிலேயே இறங்கும். வண்டியைப் பின்னால் உருளாமல் திராட்டிலிலேயே பிடித்து நிறுத்தும் பழக்கம் மலைச்சாலையில் பலருக்கு உண்டு. இங்கே ஓடப்போகும் போர்டில் மோட்டாரின் குறைந்தது இரண்டு கம்பிகளிலாவது தனித்தனி மின்னோட்ட அளவீடு வேண்டும். ஒவ்வொரு ஃபெட் ஜோடிக்கும் அருகே ஒரு வெப்ப சென்சார் வேண்டும். இவை இரண்டிலும் சிக்கனம் கூடாது.

35 மைக்ரான் செம்பு

போர்டு என்பது எஃப்ஆர்-4 எனப்படும் கண்ணாடி இழைத் தகட்டின் மேல் ஒட்டிய மெல்லிய செம்பு. சாதாரணமாகக் கிடைப்பதில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். இதை ஒரு அவுன்ஸ் செம்பு என்பார்கள். ரேடியோவுக்கும் சார்ஜருக்கும் இது தாராளம். 100 ஆம்பியருக்கு?

10 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் நீளம் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம். 35 மைக்ரானில் அதன் மின்தடை 2.5 மில்லிஓம். 100 ஆம்பியர் போனால் அந்தச் சிறு பட்டையிலேயே 25 வாட் வெப்பம். சால்டரிங் அயன் ஒன்றைப் போர்டின் மேல் வைத்துவிட்டதற்குச் சமம். இரண்டு அவுன்ஸ் செம்பில் அது பாதியாகும். இருபுறமும் இரண்டு அவுன்ஸ் ஓடவிட்டால் 6 வாட். அதே இடத்தில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புப் பட்டையைத் திருகி வைத்தால் அரை வாட்டுக்கும் கீழே.

கல்லூரிப் புராஜெக்டுகளில் போல, பளபளப்பான தாளில் அச்செடுத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஃபெரிக் குளோரைடில் கரைத்து எடுக்கும் வீட்டுப் போர்டு கற்றுக்கொள்ள நல்ல வழி. ஆனால் அதில் இரு பக்கத்தையும் இணைக்கும் துளைகளுக்குள் செம்பு ஏறாது, செம்பும் மெல்லியது. மின்னோட்டப் பாதையின் மேல் தடிமனாக ஈயம் ஊற்றிவிடும் பழக்கமும் பெரிதாக உதவாது. ஈயக்கலவையின் மின்தடை செம்பைவிடப் பல மடங்கு அதிகம். பவர் பகுதிக்குத் தொழிற்சாலையில் செய்த இரண்டு அவுன்ஸ் போர்டும், பெருமின்னோட்டம் ஓடும் இடங்களில் செம்புப் பஸ்பாரும்தான் சரி.

20 நானோஹென்றி

வடிவமைப்பின் உயிர்நாடி இந்தப் பகுதியில் இருக்கிறது. பம்ப்செட் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் எங்கும் போக வழியில்லாமல் குழாயை உதறும். கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று அடைத்தாலும் அப்படித்தான். உதறல் அங்கே மின்னழுத்தமாக எழும். எவ்வளவு எழும் என்பது பாதையின் தூண்டத்தையும் (இண்டக்டன்ஸ்) அடைக்கும் வேகத்தையும் பொறுத்தது. தோராயமாக ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஒரு நானோஹென்றி.

சந்தையில் 48 வோல்ட் என்று சொல்லப்படும் 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, முழுச் சார்ஜில் 58.4 வோல்ட் இருக்கும். அதற்கு 100 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் போட்டிருக்கிறோம். 100 ஆம்பியரை 50 நானோநொடியில் அடைக்கிறது. பாதையில் 10 நானோஹென்றி இருந்தால் 20 வோல்ட் மேலெழும், மொத்தம் 78. பத்திரம். 20 நானோஹென்றி என்றால் 40 வோல்ட் எழுந்து 98-ஐத் தொடும். 40 நானோஹென்றி என்றால் 138. ஃபெட்டின் ஆயுள் எண்ணப்படுகிறது. மூன்று போர்டிலும் ஃபெட் ஒன்றே, பேட்டரி ஒன்றே, மென்பொருளும் ஒன்றே. மாறியது நான்கைந்து சென்டிமீட்டருக்குள் செம்பு வளைந்த விதம் மட்டும்.

போர்டில் அந்தப் பாதையை விரலால் தொட்டுப் பார்க்கலாம். கெப்பாசிட்டரின் நேர்முனையிலிருந்து மேல் ஃபெட், அங்கிருந்து கீழ் ஃபெட், அங்கிருந்து கெப்பாசிட்டரின் எதிர்முனை. இந்த வளையத்தின் பரப்பைக் குறைப்பதுதான் வேலை. முதலில், ஒவ்வொரு ஃபெட் ஜோடியின் காலடியிலேயே சிறு செராமிக் கெப்பாசிட்டர்களை வைக்க வேண்டும். பெரிய எலக்ட்ரோலிட்டிக்குகள் அதற்கடுத்து வரலாம். இரண்டாவது, போகும் செம்பும் திரும்பும் செம்பும் அருகருகே ஓடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அகலத் தகடுகளாக ஓட வேண்டும். இரண்டு அடுக்குப் போர்டில் அவற்றுக்கு இடையே 1.6 மில்லிமீட்டர் இருக்கும். நான்கு அடுக்குப் போர்டில் 0.2 மில்லிமீட்டராகக் குறைக்கலாம். அந்தப் பகுதியின் தூண்டம் எட்டில் ஒன்றாகிவிடும். மூன்றாவது, நீண்ட கால்கள் உள்ள டிஓ-220 வகை ஃபெட்டைப் போட்டால் காலை முழு நீளத்துக்கு விடாமல் போர்டோடு ஒட்ட வைக்க வேண்டும். போர்டின் மேலேயே படுக்கும் வகைகள் இதில் இன்னும் மேல்.

சுவிட்சை மெதுவாக அடைத்தாலும் உதறல் குறையும். ஆனால் அதற்கு விலை உண்டு. 51 வோல்ட், 100 ஆம்பியர், 16 கிலோஹெர்ட்சில் 50 நானோநொடி மாற்றத்துக்கு 4 வாட் வீணாகிறது என்றால், 200 நானோநொடிக்கு 16 வாட். வளையத்தைச் சுருக்கத் தெரியாத வடிவமைப்பாளர் அந்தக் குறையை வெப்பமாகச் செலுத்துகிறார்.

கெப்பாசிட்டர்களைப் பற்றி இன்னும் ஒன்று. சுவிட்சுகள் வெட்டும்போது ஏற்படும் ஏற்ற இறக்க மின்னோட்டம் முழுவதையும் அவைதான் விழுங்குகின்றன. மோட்டார் மின்னோட்டத்தில் பாதிவரை அது வரலாம். ஒரே பெரிய டப்பாவைவிடச் சிறியவை பல பக்கம்பக்கமாக இருப்பது நல்லது. எலக்ட்ரோலிட்டிக்கின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது நெடுநாள் அனுபவ விதி. ஹீட் சிங்குக்கு மிக அருகே அவற்றை நிறுத்துவது நாமே ஆயுளைக் குறைப்பது.

கேட்டும் கிரவுண்டும்

ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் சுற்றுக்கு 12 வோல்ட் போதும். சிறிய மின்னோட்டம்தானே என்று அதன் திரும்பு பாதையைப் பெருமின்னோட்டம் ஓடும் செம்போடு சேர்த்துவிடுவது மிகப் பரவலான தவறு. பொதுப் பாதையில் 5 நானோஹென்றி இருந்தாலே, மேலே சொன்ன வேகத்தில் 10 வோல்ட் அங்கே தோன்றும். 12 வோல்ட் கேட்டில் 10 வோல்ட் குழப்பம் நுழைந்தால் மூட வேண்டிய ஃபெட் அரைகுறையாகத் திறந்து நிற்கும். மேலும் கீழும் ஒரே நேரத்தில் திறந்தால் பேட்டரி நேராக ஷார்ட். கேட்டின் திரும்பு பாதையை ஒவ்வொரு ஃபெட்டின் சோர்ஸ் காலிலிருந்தே தனியாக எடுத்து, போகும் பாதைக்கு அடியிலேயே டிரைவர் சில்லுவரை கொண்டுபோக வேண்டும். இரண்டு மூன்று ஃபெட்டுகளை இணையாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி கேட் மின்தடையும், சமநீளப் பாதையும் வேண்டும்.

மின்னோட்டத்தை அளக்க ஷன்ட் எனப்படும் மிகச்சிறு மின்தடையைப் போடலாம்; 0.5 மில்லிஓமில் 100 ஆம்பியர் 50 மில்லிவோல்ட் தரும். இந்தச் சிறு சமிக்ஞையை ஷன்டின் இரு முனைகளிலிருந்து ஜோடியாக, வேறு எதையும் தொடாமல் எடுத்துவர வேண்டும். ஹால் வகை சென்சார் சில்லுகள் பவர் பகுதியிலிருந்து மின்காப்பும் தருவதால் முதல் போர்டு செய்கிறவருக்கு அவை எளிது.

இறக்கம்: யாரும் கேட்காத கேள்வி

ஏறுமா என்று கேட்கிறவர்கள் இறங்குமா என்று கேட்பதில்லை. போர்டுக்கு உண்மையான ஆபத்து இறக்கத்திலும் இருக்கிறது. 250 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடும் ஆற்றல் 0.68 கிலோவாட் மணி. டயரும் காற்றும் தின்றது போக, மோட்டாரிலும் போர்டிலும் இழந்தது போக, மோட்டாரையே ஜெனரேட்டராக்கிப் பிரேக் பிடித்தால் பேட்டரிக்குத் திரும்புவது கால் கிலோவாட் மணி அளவுக்கு இருக்கலாம். ஏற ஒன்றேகால் கிலோவாட் மணி செலவழித்த இடத்தில் இது நல்ல வரவுதான்.

ஆனால் ஒருவர் போடிமெட்டில் தங்கி, இரவெல்லாம் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குகிறார். பேட்டரியில் இடமில்லை. பிரேக் மின்சாரம் உள்ளே வந்ததும் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று தொடர்பைத் துண்டிக்கிறது. மோட்டாரிலிருந்து வரும் 15 ஆம்பியர் போக வேறு இடமில்லாமல் போர்டின் 2,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குள் போகிறது. மில்லிநொடிக்கு 7.5 வோல்ட் வீதம் அழுத்தம் ஏறும். 58-லிருந்து 100-ஐத் தொட 6 மில்லிநொடி கூட ஆகாது. ஃபெட்டுகள் ஷார்ட் ஆகும்; மோட்டார் கம்பிகள் ஒன்றோடொன்று இணைந்தது போலாகி, சக்கரம் இறக்கத்திலேயே முரண்டு பிடிக்கும். வளைவில் அது உயிருக்கே ஆபத்து.

எனவே இந்தச் சாலைகளுக்கான போர்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை சில. அழுத்தம் எல்லை மீறினால் மென்பொருளைக் கேட்காமலேயே எல்லா கேட்டுகளையும் மூடிவிடும் ஒப்பீட்டுச் சுற்று முதலாவது. உபரி ஆற்றலை வெப்பமாக எரிக்கும் பிரேக் மின்தடைக்கு ஏழாவது சுவிட்ச் இரண்டாவது. லிஃப்டுகளிலும் ரயில் இன்ஜின்களிலும் நெடுங்காலமாக இருக்கும் ஏற்பாடு இது. மேலே தங்குகிறவர் பேட்டரியை முழுதாக நிரப்பாமல் நிறுத்திக்கொள்வதும், டிரம் அல்லது டிஸ்க் பிரேக் தனியாகவே முழு வண்டியையும் நிறுத்தப் போதுமானதாக இருப்பதும் போர்டுக்கு வெளியே செய்ய வேண்டியவை.

வெப்பம், ஈரம், தூசி

மாஸ்ஃபெட்டின் தரவுத்தாளில் போட்டிருக்கும் மின்தடை 25 டிகிரிக்கானது. 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஒன்றரை மடங்குக்கு மேலாகும். வெப்பம் கூடக்கூட இழப்பும் கூடும். சூடான நிலையில் 4 மில்லிஓம் உள்ள ஒற்றை ஃபெட்டில் 100 ஆம்பியருக்கு 40 வாட். மூன்றை இணையாகப் போட்டால் மொத்தமே 13 வாட். ஒவ்வொன்றிலும் 4 வாட்டுக்குச் சற்று மேல். மலைக்கு வடிவமைக்கும்போது ஃபெட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் மிக மலிவான காப்பீடு.

எஃப்ஆர்-4 வெப்பத்தைக் கடத்துவதில் செம்பைவிட ஆயிரம் மடங்கு மோசம். ஃபெட்டின் அடியில் நெருக்கமாகத் துளைகள் இட்டு வெப்பத்தைப் பின்பக்கம் இறக்குவது ஒரு வழி. அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய மின்காப்பும் அதன்மேல் செம்பும் ஒட்டிய போர்டைப் பவர் பகுதிக்கு மட்டும் பயன்படுத்துவது இன்னொன்று.

தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே தேனிப் பக்கம் வீசும் மாதங்களில் தூசி எங்கும் நுழையும். மேலே ஏலத்தோட்டங்களிலோ ஈரமும் மூடுபனியும். வெயிலில் சூடான பெட்டி மலையில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்றின் ஈரம் போர்டின் மேல் படியும். போர்டுக்கு மேல்பூச்சு அடித்து, பெட்டிக்கு ரப்பர் கேஸ்கெட் வைப்பது அவசியம். முழுக்க எபாக்சி ஊற்றுவதை நான் ஏற்கவில்லை. ஈரத்தைத் தடுக்கும் அதே எபாக்சி, பழுது பார்க்கும் உரிமையையும் சேர்த்து மூடிவிடுகிறது. நாமே வடிவமைப்பதன் பெரும்பயனே பழுது பார்க்க முடிவதில்தான் இருக்கிறது.

திறந்த வடிவமைப்புகள் கற்றுத்தந்தவை

இந்த முயற்சியில் நாம் முதலாமவர் அல்லர். 2000-களின் இறுதியில் அமெரிக்காவில் பால் ஹோம்ஸ், 144 வோல்ட், 500 ஆம்பியர் அளவுக்கு ஒரு நேர்மின்னோட்ட மோட்டார் கண்ட்ரோலரை வடிவமைத்து, வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். கட்டுப்பாட்டுப் போர்டையும் பவர் போர்டையும் தனித்தனியாகப் பிரித்ததும், பெருமின்னோட்டத்துக்குச் செம்புப் பட்டைகளை நம்பியதும் அந்த வடிவமைப்பு தந்த பாடங்கள்.

2014-ல் ஸ்வீடனின் பெஞ்சமின் வெட்டர் வெளியிட்ட விஇஎஸ்சி என்ற கண்ட்ரோலர், தொடக்கத்தில் மின்சார ஸ்கேட்போர்டுகளை இயக்கியது. 60 வோல்ட்வரை தாங்கிய அந்தச் சிறு போர்டின் மென்பொருள்தான் இன்று திறந்த கண்ட்ரோலர்களில் மிகப் பரவலானது. மோட்டாரின் மின்தடையையும் தூண்டத்தையும் தானே அளந்துகொள்ளும் வசதி அதில் இருப்பதால், பெயர்ப்பலகை இல்லாத மோட்டாரோடு வேலை செய்கிறவருக்குப் பெரும் உதவி.

மூன்றாவது வழியைக் காட்டியவர்கள் ஜெர்மனியின் யோஹன்னஸ் ஹியூப்னரும் அயர்லாந்தின் டேமியன் மக்வயரும். விபத்தில் சிக்கிய மின்கார்களின் இன்வெர்ட்டரிலிருந்து பவர் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மூளையான கட்டுப்பாட்டுப் போர்டை மட்டும் திறந்த போர்டாக மாற்றினார்கள். பெரிய நிறுவனம் கோடிகளைச் செலவிட்டுச் செம்மை செய்த செம்பு வடிவத்தை மதித்து விட்டுவிட்டு, மென்பொருளில் சுதந்திரத்தை எடுத்துக்கொண்ட முடிவு அது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதியை வெற்றுத்தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சோதித்த திறந்த வடிவமைப்பை எடுத்துக்கொள்ளலாம். நம் உழைப்பு போக வேண்டிய இடம், நம் சாலைக்கேற்ற பவர் போர்டு.

தமிழ்நாட்டில் இருப்பது

அடித்தளம் நம்மிடம் பலமாக உண்டு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். அதே கோவையில் 2008-ல் ஹேமலதா அண்ணாமலை ‘ஆம்பியர்’ மின்வண்டி நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏதர், மின்னணுப் போர்டுகளைத் தானே வடிவமைத்து, ஓசூரில் வண்டி தயாரிக்கிறது. சென்னையின் ராப்டீ 2024-ல் 240 வோல்ட் அமைப்பில் ஒரு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அழுத்தம் உயர உயர, அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும். மலைக்கு அது பொருத்தமான வழி. ஆனால் 60 வோல்ட் நேர்மின்னழுத்தத்தைத் தாண்டியதும் மின் அதிர்ச்சிக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாகின்றன. பட்டறைக்கு உகந்த எல்லை அந்த 60 தான். 16 செல்லின் 58.4 வோல்ட் அதற்குள் அடங்கிவிடுகிறது.

போர்டு வரைய இன்று காசு செலவில்லை. பிரான்சில் ஜான்-பியர் ஷராஸ் 1992-ல் தொடங்கிய கீகேட் மென்பொருள் இலவசம். மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் அதையும், சுற்றின் இயக்கத்தைக் கணினியில் பாவனை செய்து பார்க்கும் மென்பொருளையும் இணைத்து இ-சிம் என்று தருகிறது. போர்டு தயாரிப்பில் ஓசூரின் அசென்ட் சர்க்யூட்ஸ் போன்ற ஆலைகள் உள்ளன. மின்னணு உதிரிபாக உற்பத்திக்கு 2025-ல் ஒன்றிய அரசு அறிவித்த 22,919 கோடி ரூபாய்த் திட்டத்தில் பல அடுக்குப் போர்டுகளும் அடக்கம். இந்த ஆலைகள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுப்பவை. ஐந்து போர்டு, பத்து போர்டு வேண்டும் என்கிறவரின் தேவையும் இந்தத் திட்டங்களின் கண்ணில் பட வேண்டும். 

சோதனைக்குச் சென்னை தரமணியில் சமீர் மையமும், ஒரகடத்தில் உலகத்தர வாகன ஆய்வு மையமும் இருக்கின்றன. கண்ட்ரோலர் வெளிவிடும் மின்காந்த இரைச்சலை முறையாக அளக்க அங்கேதான் போக வேண்டும்.

சட்டத்தின் எல்லை

மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருக்கும் வண்டிகளுக்கே பதிவிலிருந்து விலக்கு. அந்தச் சக்தி மெட்டு ஏறக் காணாது. அதற்கு மேற்பட்ட எந்த மாற்றமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டது. பழைய வண்டியை மின்வண்டியாக்கும் கிட்டுகள் ஏஐஎஸ்-123 தரநிலையின்படி சோதித்து ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும். ஆகவே பட்டறையில் பிறந்த போர்டு முதலில் ஓட வேண்டிய இடம் தோட்டத்துக்குள், தனியார் நிலத்துக்குள். இதைத் தடையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஏலத்தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் மூட்டை இழுக்கும் சிறு வண்டிக்கு ஏற்றமும் சேறும் போதுமான அளவு உண்டு. அங்கே ஒரு பருவம் தாக்குப்பிடித்த போர்டுக்குத்தான் சாலை ஒப்புதலைப் பற்றிப் பேசும் தகுதி வரும்.

செய்ய வேண்டிய முறை

வரிசை முக்கியம். முதலில் ஒரே ஒரு ஃபெட் ஜோடி உள்ள போர்டைச் செய்ய வேண்டும். பேட்டரியோடு இணைக்காமல், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையில் 12 வோல்ட்டில் தொடங்க வேண்டும். காயில் கட்டும் பட்டறையில் மோட்டாரைச் சோதிக்க வைத்திருக்கும் சீரிஸ் பல்பு இங்கேயும் உதவும். ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், ஃபெட் பிழைக்கும். அடுத்து, ஒரு சுருளைச் சுமையாக வைத்து இரண்டு துடிப்புகள் மட்டும் கொடுத்து, ஆசிலோஸ்கோப்பில் அழுத்த உதறலைப் பார்க்க வேண்டும். கணக்கில் வந்த 20 வோல்ட் திரையில் 45 ஆக நின்றால் வளையம் பெரிது என்று பொருள். போர்டைத் திரும்ப வரைய வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டாத வடிவத்தை ஆறு ஃபெட்டுக்கு விரிக்கக் கூடாது.

ஆறும் வந்த பிறகு, மோட்டாரைச் சுற்றவிடாமல் பூட்டி, பாதி மின்னோட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, 40 நிமிடம் வெப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். வளைவில் நிற்கும் வண்டியின் நிலைமை அது. கடைசியாக, மோட்டாரை வேறொரு மோட்டாரால் சுற்றவிட்டு, பிரேக் மின்சாரம் வரும்போது பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பாதுகாப்புச் சுற்று செயல்பட்டு ஃபெட்டுகள் பிழைத்தால் மட்டுமே போர்டு வண்டியில் ஏறலாம். பேட்டரியை இணைக்கும்போது தீப்பொறி பறக்காமலிருக்க 100 ஓம் மின்தடை வழியே முதலில் கெப்பாசிட்டரை நிரப்பும் ஏற்பாடும், பேட்டரியின் அருகிலேயே நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்த ஃபியூஸும் எந்தக் கட்டத்திலும் விலக்க முடியாதவை.

இதைத் தனி ஒருவர் செய்து முடிப்பது கடினம். சேர்ந்து செய்தால் கைக்கு எட்டும். போடிநாயக்கனூரில் 2012 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆசிலோஸ்கோப்பும், கணக்குப் போடத் தெரிந்த மாணவர்களும் உண்டு. மோட்டாரின் சுற்றைக் கண்ணால் பார்த்தே கோளாறு சொல்லும் பட்டறைக்காரர்கள் கம்பத்திலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் இருக்கிறார்கள். மூட்டை ஏற்றத் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இறுதியாண்டுப் புராஜெக்ட் என்று கடையில் வாங்கிய கிட்டைப் பூட்டிக் காட்டுவதற்குப் பதில், ஆண்டுதோறும் ஒரே பவர் போர்டை எடுத்து, போன ஆண்டு மாணவர்கள் அளந்த அழுத்த உதறலையும் வெப்பத்தையும் இந்த ஆண்டு குறைத்துக் காட்டினால், ஐந்தாண்டில் இந்த மலைக்கென்றே நிரூபிக்கப்பட்ட ஒரு வடிவமைப்பு பொதுச் சொத்தாகக் கையில் இருக்கும்.

நாற்சக்கரச் சரக்கு வண்டிக்கும் ஆளேற்றும் ஜீப்புக்கும் பட்டறைப் போர்டு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அங்கே பிழைக்கு விலை பல உயிர்கள். 60 வோல்ட்டுக்குள், 100 ஆம்பியருக்குள், தோட்டத்தில் ஓடும் இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்குச் சொந்தப் போர்டு நியாயமானது, தேவையானது. அதைச் செய்து கற்றவர்கள் கையில்தான், நாளை பெரிய நிறுவனத்தின் வண்டி பழுதாகி நிற்கும்போதும் அதைத் திறந்து பார்க்கும் துணிவும் அறிவும் இருக்கும்.